'பயிற்ச்சி'யை நீக்கியவர்களுக்கு: தமிழ்த்துறைப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதம் துறையின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை அழிக்காமல் வைத்திருக்கிறேன். "கெளரவ விரிவுரையாளர்களின் கவனத்திற்கு" என்று தொடங்குகிறது. அடுத்த வரி: "இதழியலும் பதிப்புக் கலையும் என்ற தாளில் 30 மணி நேர செய்முறை பயிற்ச்சி வரும் கல்வியாண்டு முதல் நீக்கப் படுகிறது."

பயிற்ச்சி. நான்கு முறை படித்தேன். கோபம் வருவதற்கு முன்னால் கை சிவப்புப் பேனாவைத் தேடியது. முப்பது வருடப் பழக்கம். இரண்டு வரியில் ஐந்து பிழை. இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. அவசரத்தில் தட்டச்சு செய்தால் எனக்கும் பிழை வரும். அனுப்பும் முன் இன்னொருவர் பார்த்திருந்தால் போதும். அந்த இன்னொருவரை உருவாக்கும் வகுப்பைத்தான் நீக்கியிருக்கிறீர்கள்.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர் இருந்தால் இது ஒரு கல்லூரியின் சண்டையாகிவிடும். வேறு கல்லூரிகளில் பாடம் நடத்தும் நண்பர்களிடம் பேசினேன். அவர்கள் துறைகளில் இப்படி ஒரு செய்முறை வகுப்பு இருந்ததே இல்லை என்றார்கள். நம்மிடம் இருந்தது. அதனால்தான் இந்த மடல்.

மூன்று காரணம் சொன்னீர்கள். பிழைதிருத்த மென்பொருள் வந்துவிட்டது. செய்முறைக்கு மதிப்பெண் போடுவதில் ஒரு சீர் இல்லை. போட்டித் தேர்வுகளில் இதழியல் வரலாறுதான் கேட்கிறார்கள். ஆகவே அந்த 30 மணி நேரமும் வரலாற்று அலகுக்குப் போய்விட்டது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது 1993இல், திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில். ஈய எழுத்துகளின் கடைசிக் காலம் அது. முன்கூடத்தில் அச்சுக்கோப்பவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள், பின்னறையில் முதல் கணினி பிளாஸ்டிக் உறை போட்டு உட்கார்ந்திருக்கும். எனக்குக் கொடுத்த வேலை காப்பி படிப்பது. மூலப்படியை நான் உரக்கப் படிக்க வேண்டும், எதிரில் பெரியவர் ஒருவர் மெய்ப்பை, அதாவது திருத்துவதற்காக எடுத்த அச்சுப்படியை, பார்ப்பார். சும்மா படித்தால் போதாது. "கமா", "புள்ளி", "புதுப் பத்தி", "றகரம்" என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். அவர் ஒரு போஸ்ட் கார்டை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக இறக்கிக்கொண்டே வருவார். கார்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண் ஓடிவிடக் கூடாது. ஓடினால் மனசு கதை படிக்க ஆரம்பித்துவிடும், எழுத்து தப்பிவிடும் என்பார். தமிழில் முதுகலை முடித்துவிட்டு வந்தவள் நான். அவர் எட்டாம் வகுப்பு. முதல் ஆறு மாதம் அவர் கண்ட பிழைகளில் பாதிகூட என் கண்ணில் படவில்லை.

படித்துவிட்டு வந்தவள் என்று சொன்னேன் அல்லவா, அந்தப் படிப்பு என்ன செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடம். ஒரு வரலாற்று ஆய்வு நூல், முதன்முதலாக என்னைத் தனியாகப் பார்க்கச் சொன்னார்கள். நூல் முழுக்க 'நடுகல்' என்று இருந்தது. வீரனுக்காக நடுகிற கல். நிலைமொழி உகரத்தில் முடிகிறது, வருவது ககரம், ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்று முடிவு கட்டி, நாற்பது இடத்திலோ ஐம்பது இடத்திலோ 'நடுக்கல்' என்று திருத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. அதில் ஒரு பெருமை வேறு. புத்தகம் அச்சாகி நூலாசிரியர் கைக்குப் போனது. அவர் தொலைபேசியில் கத்தவில்லை. "ஏம்மா, அது நடுவில் இருக்கிற கல்லா?" என்று மட்டும் கேட்டார்.

"காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை." இந்த நன்னூல் வரியை அன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். பல்கலைக்கழகத் தேர்வில் இதற்கு உதாரணத்தோடு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள். ஊறுகாய், சுடுகாடு, நடுகல் எல்லாம் எழுதித்தான் வாங்கினேன். இப்படிக் காலம் மறைந்து நிற்கும் வினைத்தொகையில் வல்லினம் மிகாது, நடுவில் ஒற்று வராது என்பதும் தெரியும். ஆனால் கையில் பேனாவும் எதிரில் 240 பக்கமும் இருந்தபோது அந்த நூற்பா வந்து என் கையைப் பிடிக்கவில்லை. இப்போதும் என் வகுப்பில் நூற்பாவை ராகமாகச் சொல்லும் பிள்ளைகள் அடுத்த நிமிடமே 'ஊறுக்காய்' என்று எழுதுகிறார்கள். அவர்களைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகத்தின் அட்டை நினைவுக்கு வரும்.

இந்த ஆறு வருடமாக அந்த 30 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் யாரும் வந்து பார்த்ததில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, உங்களுக்கு வேறு வேலைகள் உண்டு. ஆனால் பார்க்காத ஒன்றை எடுத்துவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்.

வாரம் இரண்டு மணி நேரம். பதிப்பகங்களிலிருந்து, எழுதியவர் அனுமதியோடு, திருத்தாத படிகளை வாங்கி வருவேன். முதல் நாள் 'பயிற்சி', 'முயற்சி' என்று ஒற்றில் தொடங்குவோம். பிறகு 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்தது; 'வேலை கொடு' என்றால் உத்தியோகம், 'வேலைக் கொடு' என்றால் முருகன் கையிலிருக்கும் வேல். இந்த இரண்டாவதில் எப்போதும் ஒரு சிரிப்பு எழும். முருகனிடம் வேலை வாய்ப்புக் கேட்கிற பிள்ளைகள் அல்லவா.

நான்காம் வாரம் கணினி. உங்கள் சுற்றறிக்கையில் 'கெளரவ' என்று இருந்ததே, கண்ணுக்கு அது 'கௌரவ' மாதிரியேதான் இருக்கும். கணினிக்கு அது 'கெ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும். தேடினால் சிக்காது. அகரவரிசைப்படுத்தினால் இடம் மாறி நிற்கும். பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பானில் போட்டால் 'கெ-ள-ர-வ' என்று படித்துக்காட்டும். இதை நான் விளக்குவதைவிட, கைபேசியின் வாசிப்புக் குரலில் இரண்டையும் ஓடவிட்டுக் காட்டுவேன். வகுப்பே திடுக்கிடும். போன வருடம் அப்படி ஒரு பையன் எழுந்து, "அம்மா, என் மாற்றுச் சான்றிதழில் என் பெயரே இப்படித்தான் இருக்கு" என்றான். கௌதம் என்று பெயர் வைக்கப்பட்டு, சான்றிதழில் கெளதமாக வாழ்கிற பிள்ளைகள் எத்தனை பேரோ.

இதெல்லாம் எழுத்துப் பிழை. மென்பொருள் பார்த்துக்கொள்ளும் என்பீர்கள். நல்லது, அடுத்ததைச் சொல்கிறேன்.

எட்டாம் வாரத்துக்கு மேல் பிழையைத் தேடச் சொல்ல மாட்டேன், சந்தேகத்தைத் தேடச் சொல்வேன். ஒரு நாவலின் படி. கதை 1968இல் மதுரையில் நடக்கிறது. ஒரு வீட்டில் சாயங்காலம் எல்லோரும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒற்று, காற்புள்ளி எல்லாம் சுத்தம். இருபத்தெட்டு பேரில் இரண்டு பேர்தான் பிடித்தார்கள். சென்னைக்கே தொலைக்காட்சி வந்தது 1975இல்.

இன்னொரு படியில் ஆடி மாதத்தில் மாமரம் பூத்துக் குலுங்கியது. விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், ஓரத்தில் பென்சிலால் "எங்க ஊர்ல தை, மாசியிலதான் பூக்கும்" என்று எழுதியிருந்தாள். சரி, அப்படியானால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஆடியை அடிச்சிட்டு மாசின்னு போட்டுடுவேன்மா." கூடாது என்றேன். நூலாசிரியருக்கு ஒரு குறிப்பு எழுது, கேள்வியாக எழுது, நீ தவறு செய்துவிட்டாய் என்கிற தொனி அதில் ஓர் இடத்திலும் வரக் கூடாது. நான்கு முறை எழுதவைத்தேன். கடைசியில் வந்த குறிப்பு ஒன்றரை வரி: "ஆடியில் மாம்பூ என்று வருகிறது. எங்கள் பக்கம் தை, மாசியில் பார்த்திருக்கிறேன். கதை நடக்கும் ஊரில் எப்படி என்று சொல்ல முடியுமா?"

அதை அப்படியே அனுப்பினோம். பதில் வந்தது. கதை குமரி மாவட்டத்தில் நடக்கிறது, அங்கே மா பருவம் தப்பியும் பூக்கும். ஆனால் மற்ற ஊர்க்காரர்களுக்கு அது தெரியாது என்று நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது, ஒரு வாக்கியம் சேர்க்கிறேன் என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் 'மாசி' என்று மாற்றியிருந்தால் நான் நடுகல்லுக்குச் செய்ததைத்தான் மாமரத்துக்குச் செய்திருப்பாள்.

இந்த ஒன்றரை வரியை எழுதக் கற்றுக்கொடுக்க எனக்கு நான்கு மணி நேரம் ஆனது. இதை எந்த அலகில், எத்தனை மதிப்பெண் வினாவாக வைப்பீர்கள்?

வரலாற்று அலகை நான் வெறுக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதை நடத்துகிற விதம்தான் பொறுக்கவில்லை. 1578 தம்பிரான் வணக்கம், கொல்லம். 1887 சீவக சிந்தாமணி, உ.வே.சா.; அதே 1887 கலித்தொகை, சி.வை. தாமோதரம் பிள்ளை. 1882 சுதேசமித்திரன். 1942 தினத்தந்தி. பிள்ளைகள் மளிகைச் சிட்டை மாதிரி ஒப்பிக்கிறார்கள். 'உ.வே.சா. பதிப்பித்த நூல்களைப் பட்டியலிடுக' என்று கேட்கிறீர்கள். அவர் உட்கார்ந்து என்ன செய்தார் என்று ஒரு வருடமாவது கேட்டிருக்கிறீர்களா? ஓலை ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்று வேறுபாடு கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். ஒவ்வொரு சொல்லிலும் இதுவா அதுவா என்று அந்த மனிதர் முடிவெடுக்க வேண்டியிருந்தது. சிந்தாமணியில் சமண மரபு புரியாமல் திண்டாடியபோது கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆடியில் மாம்பூ பூக்குமா என்று கேட்டவளும் அதே காரியத்தைத்தான் செய்தாள். அவளை உட்காரவைத்து ஓர் ஏட்டுச்சுவடியின் நகலைக் கையில் கொடுத்தால் அவளுக்கு உ.வே.சா. யார் என்று புரியும்.

1904இல் பாரதி சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தார். கவிதை எழுதவா சேர்த்துக்கொண்டார்கள்? ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அங்கே அன்றாட வேலை. அதன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயரின் மேசை அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தது. தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் இதழாளர்களுக்காகத் தாமே கையேடு எழுதினார். பிற்பாடு விகடன் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து மாணவப் பத்திரிகையாளர்களாகப் பயிற்சி கொடுத்தது. இன்றைக்கு ஊடகங்களில் பெரிய இடங்களில் இருக்கும் எத்தனையோ பேர் அந்த வழியாக வந்தவர்கள். க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன் 2020இல் மறையும் வரை, ஒரு படியோடு மாதக்கணக்கில் உட்காரலாம் என்பதைச் செய்து காட்டினார். கவனித்தீர்களா, இதில் எங்குமே கல்லூரி இல்லை. தொழில் தன் பிள்ளையைத் தானே வளர்த்துக்கொண்டது. அந்த மேசைகளில் பல இப்போது காலி. அச்சகத்துப் பெரியவர்கள் போய்விட்டார்கள். என் போஸ்ட் கார்டுப் பெரியவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, கொஞ்ச காலத்தில் நாற்காலியும் இல்லை.

மென்பொருள் பற்றி. வாணி, நாவி போன்ற தமிழ்ப் பிழைதிருத்தக் கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன், நன்றியோடு. அவை என் நேரத்தை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் 'வேலை கொடு' என்பதும் சரி, 'வேலைக் கொடு' என்பதும் சரி. எது வேண்டும் என்பது கதையில் நிற்பவர் முதலாளியா முருகனா என்பதைப் பொறுத்தது. கருவி அடிக்கோடு போடும். அதை ஏற்பதா தள்ளுவதா என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். தெரியாத ஆள் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வார். நான் ஐம்பது இடத்தில் கையால் செய்த தவறை அவர் ஒரே சொடுக்கில் செய்து முடிப்பார்.

எனக்கு உறுத்துகிற இன்னொன்றும் உண்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டுப் பதிப்பகங்களின் அறிவியல் இதழ்களையும் பாடநூல்களையும் செம்மையாக்கிப் பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் பல வருடங்களாக நடக்கின்றன. நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அங்கே வேலை பார்க்கிறார்கள். சேர்ந்தவுடன் பயிற்சி, கையேடு, தேர்வு, மேற்பார்வை எல்லாம் உண்டு. ஆங்கிலத்தில் காற்புள்ளி எங்கே வரும் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். இதே ஊரில் தமிழ்ப் புத்தகத்தைச் செம்மையாக்க வேண்டிய பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இடமில்லை. சென்னையில் பேர்பெற்ற இதழியல் கல்லூரி உண்டு, வகுப்பு ஆங்கிலத்தில். கொல்கத்தாவில் சீகல் பதிப்பகம் பதிப்புத் தொழிலுக்கென்றே ஒரு பள்ளி வைத்திருக்கிறது. நமக்கு ஒரு தாளில் 30 மணி நேரம் இருந்தது.

பதிப்பாளர்களையும் விட்டுவைக்கப் போவதில்லை. நந்தனம் புத்தகக் காட்சியில் பார்க்கும்போதெல்லாம் "நல்ல எடிட்டர் கிடைச்சா சொல்லுங்கம்மா" என்பார்கள். டிசம்பர் 20ஆம் தேதி 300 பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி 28ஆம் தேதி அச்சுக்குப் போக வேண்டும் என்பதும் அவர்கள்தான். மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டு வருடக்கணக்காகிறது. பணம் அடுத்த ஆடிக்கு வரும், மாம்பூவோடு. அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், இது உங்களுக்கு.

இந்த வகுப்பு போனால் எனக்கு வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கான ஊதியம் போகும். அதற்காகத்தான் எழுதுகிறாள் என்று உங்களில் ஒருவராவது நினைப்பீர்கள். நியாயமான சந்தேகம். வேறு யாரை வைத்து வேண்டுமானாலும் நடத்துங்கள், என் பாடக்குறிப்புகளையும் பழைய மெய்ப்புகளையும் அப்படியே தந்துவிடுகிறேன். வகுப்பு இருக்கட்டும்.

நான் கேட்பது இவை.

நீக்கிய 30 மணி நேரத்தை வரும் கல்வியாண்டிலேயே திரும்பச் சேருங்கள். வரலாற்று அலகிலிருந்து எதையும் வெட்ட வேண்டாம். அதன் பாதியை ஏடு, மெய்ப்பு, பழைய பத்திரிகைப் பக்கம் இவற்றைக் கையில் கொடுத்து நடத்தினால் இரண்டும் ஒன்றாகவே முடியும்.

மதிப்பெண் சீராக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது என் தவறும்தான். அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் பருவத்தின் முடிவில் 20 பக்க மெய்ப்பும், நூலாசிரியருக்கு எழுதிய ஐந்து கேள்விக் குறிப்புகளும் ஒப்படைக்கட்டும். வகுப்பாசிரியரும் வெளியிலிருந்து வரும் ஒரு பதிப்பாசிரியரும் தனித்தனியாக மதிப்பிடட்டும். அறிவியல் துறைகளில் செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளர் வருகிறாரே, அதே முறை.

மொழி ஆய்வகத்தில் இருக்கும் பன்னிரண்டு கணினிகளில் மூன்றில்தான் ஒருங்குறியில் (யூனிகோடில்) தட்டச்சு செய்ய முடிகிறது. மற்றவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்கள். தமிழ்99 விசைப்பலகையை அரசு 1999இல் ஏற்றுக்கொண்டது; அதன் பிறகு பிறந்த பிள்ளைகள் நம்மிடம் படித்துமுடித்துப் போய்விட்டார்கள். எல்லாக் கணினிகளிலும் அதை நிறுவித் தாருங்கள். செலவே இல்லாத வேலை, ஓர் ஆளின் அரை நாள்.

மூன்றாம் ஆண்டு கோடை விடுமுறையில் ஆறு வாரம் ஏதாவது ஒரு பதிப்பகத்திலோ பத்திரிகையிலோ பணிப்பயிற்சி ஏற்பாடு செய்யுங்கள். பேருந்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமாவது பணம் கொடுக்கிற இடமாகப் பாருங்கள். விழுப்புரத்திலிருந்து வருகிறவள் சென்னையில் இலவசமாக ஆறு வாரம் இருக்க முடியாது. அப்படிக் கேட்டால் சென்னையில் வீடு உள்ள பிள்ளைகள் மட்டும்தான் இந்தத் தொழிலுக்கு வருவார்கள். அரசின் 'நான் முதல்வன்' திட்டத்தில் தமிழ்ச் செம்மையாக்கத்தை ஒரு திறன் பாடமாகச் சேர்க்கச் சொல்லித் துறையின் சார்பில் ஒரு கடிதமும் அனுப்புங்கள். வரைவை நான் எழுதித் தருகிறேன்.

கடைசியாக, பாடத்திட்டம் கல்விக் குழுவின் ஒப்புதலுக்குப் போகும் முன் உங்கள் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். முடியும், முடியாது என்பதை வாட்ஸ்அப்பில் இல்லாமல் எழுத்தில் தெரிவியுங்கள். என்னோடு பழைய மாணவர்கள் இரண்டு பேர் வருவார்கள்: இப்போது ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருக்கும் பையன் ஒருவன், மாம்பூக் குறிப்பு எழுதிய அந்தப் பெண். சென்ற ஆண்டின் இருபத்தெட்டு மெய்ப்புக் கட்டுகளையும் எடுத்து வருகிறோம். புரட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர்
(இந்த 'கௌ'வைத் தேடினால் கிடைக்கும்.)